லேப்டாப்பில் ஓயாமல் வரும் ஹார்டுவேர் எச்சரிக்கை: அறிகுறியைப் பார்த்து நிறுத்தும் வழி

ஹார்டுவேரைச் சோதிக்கச் சொல்லி லேப்டாப் தினமும் நச்சரிக்கிறது என்றால், அதை எப்படி அணைப்பது என்று தேடுவதற்கு முன்னால் சொல்வது யார் என்று பாருங்கள். கிட்டத்தட்ட ஒரே வாசகத்தை நான்கு பேர் சொல்ல முடியும்: மதர்போர்டில் உட்கார்ந்து விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸ், விண்டோஸ், லேப்டாப் கம்பெனி ஏற்றிக் கொடுத்த செயலி, பிரவுசர் வழியாக நுழைந்த மோசடித் தளம். பயாஸ் பெரும்பாலும் காரணமில்லாமல் வாய் திறக்காது. கம்பெனிச் செயலி பாதி நேரம் சும்மா தொணதொணக்கும். மோசடித் தளம் சொல்வது எப்போதும் பொய்.

எப்போது வருகிறது என்பதே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். பவர் பட்டனை அழுத்தியதும், விண்டோஸ் வருவதற்கு முன்பே திரையில் வெறும் எழுத்தாக வந்தால் அது பயாஸ். உள்ளே போன பிறகு வலது கீழ் மூலையில் எட்டிப் பார்த்தால் விண்டோஸோ கம்பெனிச் செயலியோ பிரவுசரோ, மூன்றில் ஒன்று. திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு சத்தம் போட்டால் சந்தேகமே வேண்டாம், பிரவுசர்தான்.

வந்ததும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாசகத்தைவிட அதன் பக்கத்தில் இருக்கும் எண்தான் முக்கியம். "ஏதோ எர்ரர் வந்துச்சு சார், ஓகே குடுத்துட்டேன்" என்று கடையில் போய் நின்றால், எவ்வளவு கெட்டிக்கார மெக்கானிக்கும் முதலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

சென்னை ஓஎம்ஆர் பக்கம் ஏதாவது ஐடி கம்பெனி கொடுத்த ஆபீஸ் லேப்டாப் என்றால், கீழே இருப்பதில் எதையும் செய்யாதீர்கள். படத்தை வைத்து ஐடி டெஸ்க்குக்கு டிக்கெட் போடுங்கள். சொந்த லேப்டாப் என்றாலும், பயாஸ் பக்கம் கை வைக்கும் முன், டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவி கையில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு பயன்படுத்தும் பல விண்டோஸ் 11 லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், நமக்குத் தெரியவே தெரியாது. பயாஸில் ஏதாவது மாறியதும் அது 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அந்தக் கணக்கின் இணையப் பக்கத்தில் சாவி சேமிக்கப்பட்டிருக்கும். ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் தொடங்குங்கள்.

அறிகுறி: சைரன் சத்தம், சிவப்புத் திரை, "இந்த எண்ணை அழையுங்கள்"

இதை முதலில் சொல்லக் காரணம், பணம் போவது இதில்தான். வீட்டில் பெரியவர்கள் லேப்டாப் பயன்படுத்தினால் அவர்களிடமும் சொல்லி வையுங்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கை எதிலும் தொலைபேசி எண் இருக்காது. எண் இருந்தால் மோசடி, அவ்வளவுதான்.

எஸ்கேப் விசையை அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை விலகும். விலகவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து முடித்துவிடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மூலையில் சின்னதாக "உங்கள் ஹார்டு டிஸ்க் பழுதாகிவிட்டது" என்று அரைமணிக்கு ஒருமுறை வருகிறதா? அந்த அறிவிப்பை உற்றுப் பாருங்கள். மேலே குரோம் அல்லது எட்ஜ் சின்னமும், அதையொட்டிப் பொடி எழுத்தில் ஒரு இணைய முகவரியும் இருக்கும். என்றைக்கோ படம் பார்க்கவோ பாட்டு இறக்கவோ போன தளத்தில் "அனுமதி" என்று தட்டியதன் பலன் அது. குரோம் செட்டிங்ஸில் ப்ரைவசி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று உள்ளே போய், அனுமதி பெற்ற பட்டியலில் தெரியாத பெயர்களை எல்லாம் நீக்குங்கள். எட்ஜிலும் இதே மாதிரிதான். ஏற்கெனவே போன் செய்து, அவர்கள் சொன்ன செயலியை ஏற்றி, பணமும் கட்டியாகிவிட்டதா? இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வங்கியிலேயே நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.

அறிகுறி: "ஸ்கேன் செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது" என்று மூலையில் வருகிறது

கம்பெனிச் செயலியின் வேலை இது. டெல்லில் சப்போர்ட்அசிஸ்ட், எச்பியில் சப்போர்ட் அசிஸ்டன்ட், லெனோவோவில் வான்டேஜ், ஏசூஸில் மைஏசூஸ். இவை கால அட்டவணை போட்டு ஹார்டுவேரைச் சோதிக்கும். ஒரு பழுதும் இல்லாத லேப்டாப்பிலும் "சோதிக்கவில்லையே" என்று கேட்கும்.

முதலில் ஒரே ஒரு முறை அது கேட்கும் சோதனையை முழுதாக ஓட விடுங்கள். எல்லாம் சரி என்று வந்தால் தயங்காமல் வாயை அடைக்கலாம். டிஸ்க் அல்லது பேட்டரி பற்றி ஏதாவது சொன்னால் அணைக்காமல் கீழே அந்தந்தப் பகுதிக்குப் போங்கள்.

அடைப்பதற்குச் சுலபமான இடம் விண்டோஸ் செட்டிங்ஸ், சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ். அங்கே செயலிகளின் பட்டியல் இருக்கும், அதன் பொத்தானை அணையுங்கள். இத்தோடு நின்றால் நல்லது. பல நேரம் நிற்காது, ஏனென்றால் சில செயலிகள் விண்டோஸின் அறிவிப்பு வழியைப் பயன்படுத்தாமல் தனிச் சன்னலைத் திறக்கும். அப்போது செயலிக்குள்ளேயே போய், தானாக ஸ்கேன் செய்வதற்கான கால அட்டவணையை அணைக்க வேண்டும். அப்புறம் டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பகுதியில் அதை முடக்குங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் நேரம் குறித்து வேலைகளை ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து, கம்பெனியின் பெயரில் இருக்கும் வேலைகளைத் தேடி முடக்குங்கள். அழிக்க வேண்டாம், முடக்கினால் போதும். நாளைக்குத் தேவைப்பட்டால் திரும்ப இயக்கலாம்.

எந்தச் செயலி என்றே தெரியாத சன்னல் வந்தால், அது திறந்திருக்கும்போதே டாஸ்க் மேனேஜருக்குப் போய், அந்தப் பெயரின் மேல் வலது சொடுக்குப் போட்டு, கோப்பு இருக்கும் இடத்தைத் திறக்கச் சொல்லுங்கள். ஃபோல்டரின் பெயரிலேயே கம்பெனி தெரிந்துவிடும்.

மொத்தமாக நீக்கிவிடலாமா? தாராளமாக. லேப்டாப் ஓடுவதற்கு இந்தச் செயலி தேவையில்லை. டிரைவர்களைக் கம்பெனியின் தளத்தில் மாடல் எண்ணைப் போட்டே எடுத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், வாரன்டி முடிந்த லேப்டாப்பில் இதை வைத்திருக்க ஒரே காரணம் பயாஸ் அப்டேட்தான். வைத்திருப்பதாக முடிவு செய்தால் அதையும் அவ்வப்போது புதுப்பியுங்கள். டெல் சப்போர்ட்அசிஸ்டில் 2019-ல் வெளியான ஓட்டை, வெளியாள் உங்கள் கணினியில் நிரலை ஓட்டும் அளவுக்குப் பெரியது. டெல் அதை அடைத்துப் புதிய பதிப்பு தந்தது. பழைய பதிப்பிலேயே விட்டவர்களுக்கு ஓட்டை அப்படியே இருந்தது.

நீக்கிய பிறகும் முளைக்கிறதா? டெல்லில் சப்போர்ட்அசிஸ்ட் என்பது ஒற்றைச் செயலி கிடையாது. ரெமிடியேஷன், ஓஎஸ் ரெகவரி பிளக்இன் என்று கூடவே ஒட்டிக்கொண்டு வருபவை உண்டு. பட்டியலில் அதே பெயரில் தொடங்கும் எல்லாவற்றையும் பாருங்கள். விண்டோஸ் அப்டேட்டும் சில நேரம் டிரைவரோடு சேர்த்துக் கம்பெனிச் செயலியைத் திரும்பக் கொண்டுவரும். பெரிய அப்டேட் வந்த பிறகு ஒரு தடவை எட்டிப் பார்க்க வேண்டியதுதான், நிரந்தர வழி இல்லை.

அறிகுறி: பவர் போட்டதும் நேராகச் சோதனைத் திரைக்கே போகிறது

இதற்குப் பல காரணம் உண்டு. எளிதாகக் கவனிக்காமல் விடுவது விசைப்பலகை. எச்பியில் லேப்டாப் விழிக்கும்போது எஃப்2 அழுந்தியிருந்தால் சோதனைத் திரை வரும். டெல்லில் எஃப்என் விசையைப் பிடித்துக்கொண்டு பவர் பட்டனை அழுத்தினால் வரும். ஆக, அந்த விசை ஒட்டிக்கொண்டால், நீங்கள் கேட்காமலே ஒவ்வொரு முறையும் சோதனை நடக்கும். சர்க்கரை போட்ட காபி ஒரு சொட்டு விழுந்து காய்ந்தால் போதும். மேலே துடைத்துவிடுவோம், விசைக்கு அடியில் இருக்கும் ரப்பர் குமிழில் பாகு மாதிரி படிந்துவிடும். சென்னையின் புழுக்கத்தில் அது முழுக்கக் காயவும் செய்யாது. விரல் நுனியால் பக்கத்து விசையையும் இதையும் மாறி மாறி அழுத்திப் பாருங்கள். ஒன்று "டக்" என்று எழும்பும், ஒட்டியது மெதுவாக எழும்பும். அணைத்து, சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த காது குடையும் பஞ்சால் விசையின் ஓரத்தைச் சுற்றித் துடைத்து, பலமுறை அழுத்தி விடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே பவர் போடுங்கள்.

விசை நன்றாக இருந்தால், அடுத்துக் கேட்க வேண்டியது: நேற்று லேப்டாப் எப்படி அணைந்தது? பேட்டரி செத்துப்போய், சார்ஜரிலேயே மேசைக் கணினி மாதிரி ஓடும் லேப்டாப்கள் வீட்டுக்கு வீடு உண்டு. கரண்ட் போனால் அந்த நொடியே அணையும். வந்ததும் போடுவோம், விண்டோஸ் பாதி ஏறும்போது மறுபடி போகும். டெல்லின் பயாஸில், எத்தனை முறை விண்டோஸ் ஏறத் தவறினால் மீட்புத் திரைக்குப் போக வேண்டும் என்று ஒரு வரம்பு உண்டு. வழக்கமாக அது 2 என்றே வைக்கப்பட்டிருக்கும். இரண்டு கரண்ட் கட் அதற்குப் போதும். பயாஸில் ஆட்டோ ஓஎஸ் ரெகவரி திரெஷோல்டு என்பதைத் தேடி 3 ஆக்கலாம், அணைக்கவும் செய்யலாம். ஆனால் உண்மையான மருந்து புது பேட்டரி அல்லது சின்ன யுபிஎஸ். இப்படி வெட்டு வெட்டாக அணைவது டிஸ்க்கில் உள்ள கோப்புகளுக்கு நல்லதில்லை.

எச்பியில் "பூட் டிவைஸ் நாட் ஃபவுண்ட்" என்று 3எஃப்0 எண்ணோடு வந்து, எஃப்2-வை அழுத்தச் சொன்னால், டிஸ்க்கே கண்ணுக்குத் தெரியவில்லை என்று பொருள். பயாஸுக்குள் போய் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பூட் வரிசையில்தான் கோளாறு. பயாஸைப் பழைய இயல்பு அமைப்புக்குத் திருப்பினாலே பல நேரம் சரியாகும். தெரியாவிட்டால் கேபிள் தளர்ந்திருக்கலாம், டிஸ்க் போயிருக்கலாம்.

நீலத் திரையில் விண்டோஸின் மெமரி சோதனை தினமும் ஓடினால், எஸ்கேப் அழுத்தி வெளியே வரலாம். ஆனால் ஒரு தடவையாவது முழுதாக ஓட விடுங்கள். முடிவு ஈவென்ட் வியூவரில், சிஸ்டம் பதிவுகளுக்குள், மெமரி டயக்னாஸ்டிக்ஸ் ரிசல்ட்ஸ் என்ற பெயரில் இருக்கும். பிழை இல்லை என்றால் டாஸ்க் ஷெட்யூலரில் மெமரி டயக்னாஸ்டிக் ஃபோல்டருக்குள் இருப்பவற்றை முடக்குங்கள். பிழை இருந்தால், இரண்டு ராம் இருக்கும் லேப்டாப்பில் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிச் சோதித்தால் கெட்டது எது என்று தெரிந்துவிடும்.

அறிகுறி: சார்ஜர் பற்றியும் பேட்டரி பற்றியும் ஒவ்வொரு முறையும் புகார்

"அடாப்டரின் வாட்டேஜும் வகையும் தெரியவில்லை" என்று டெல் சொல்லி, எஃப்1 அழுத்தித் தொடரச் சொல்லும். டெல்லின் உருளை முனைச் சார்ஜரில், நடுவில் ஊசி மாதிரி ஒரு மெல்லிய முள் நிற்கும். மின்சாரம் அதில் வருவதில்லை. "நான் 65 வாட், டெல் தயாரிப்பு" என்று அடாப்டருக்குள் இருக்கும் சில்லு லேப்டாப்புக்குச் சொல்வது அந்த முள் வழியாகத்தான். முள் வளைந்தாலோ, வயர் உள்ளே அறுந்தாலோ, அடாப்டரில் சில்லே இல்லாவிட்டாலோ இந்தப் புகார் வரும். லேப்டாப் ஓடும், ஆனால் பேட்டரி ஏறாது, வேகமும் குறைத்து வைக்கப்படும். "சார்ஜர் மாத்தினதிலிருந்து ஸ்லோவா இருக்கு" என்று சொல்பவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள்.

முனையை வெளிச்சத்தில் பிடித்து முள் நேராக நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். அதே மாடல் வைத்திருக்கும் ஒருவரின் சார்ஜரைச் செருகிப் பார்ப்பதுதான் உறுதியான சோதனை. அதில் புகார் வராவிட்டால் உங்கள் அடாப்டர்தான் பிரச்சினை. வந்தால் லேப்டாப் பக்கத்துத் துளையை மாற்ற வேண்டும்.

புது அடாப்டர் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போனால் லேப்டாப்பையும் கையோடு கொண்டு போங்கள். "ஒரிஜினல் மாதிரிதான் சார்" என்ற பதிலில் வரும் அந்த "மாதிரி"யைக் கவனித்துக் கேளுங்கள். கடையிலேயே செருகி, அணைத்துப் போட்டு, புகார் வரவில்லை, பேட்டரியும் ஏறுகிறது என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள். நல்ல கடைக்காரர் அதற்கு முகம் சுளிக்க மாட்டார். வாட் எண் பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கட்டும், குறைவாக வேண்டாம்.

டெல் பயாஸில் அடாப்டர் வார்னிங்ஸ் என்று ஒன்று உண்டு. அதை அணைத்தால் புகார் வராது. பேட்டரி ஏறாததும் வேகம் குறைந்ததும் அப்படியேதான் இருக்கும். பேட்டரியே இல்லாமல் ஓட்டும் பழைய லேப்டாப் என்றால் மட்டும் அணைத்துக்கொள்ளலாம்.

எச்பியில் 601 என்ற எண் வந்தால், பேட்டரியின் கொள்ளளவு வெகுவாகக் குறைந்துவிட்டது என்று பொருள். அவசரமில்லை, வசதிப்படும்போது மாற்றலாம். அவசரம் வேறொன்றில்: டச்பேட் மேடிட்டு எழும்பியிருக்கிறதா, சொடுக்கினால் அழுந்தாமல் கல் போல நிற்கிறதா, மூடினால் மூடி சமமாக உட்காரவில்லையா? உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜ் போடாமல் அணைத்து வைத்து, கழற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அதை அழுத்தித் தட்டையாக்கவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும்.

அறிகுறி: டிஸ்க் கெட்டுப்போகப் போகிறது என்கிறது

எச்பியில் 301, டெல் சோதனையில் 2000-0142 போன்ற எண்கள், விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸின் ஸ்டோரேஜ் பகுதியில் டிஸ்க்கின் பண்புகளில் நம்பகத்தன்மை குறைந்தது என்ற வாசகம். இந்த எச்சரிக்கையை மட்டும் அணைக்கும் வழி தேடாதீர்கள். டிஸ்க் தன்னைத்தானே கவனித்து எழுதி வைக்கும் ஸ்மார்ட் குறிப்பிலிருந்து இது வருகிறது. பொய்யாக இருப்பது அபூர்வம்.

முதல் வேலை, நகல். சோதனை அப்புறம். டிஸ்க்கைச் சரிபார்க்கும் கருவிகள் முழு டிஸ்க்கையும் படிக்க வைக்கும், சாகக் கிடக்கும் டிஸ்க்கைக் கடைசியாகத் தள்ளிவிடுவது சில நேரம் அதுதான். வெளி டிஸ்க்கைச் செருகி, திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் எடுங்கள்: குடும்பப் படங்கள், சான்றிதழ் ஸ்கேன்கள், கடை வைத்திருந்தால் டேலி ஃபோல்டர். படங்கள் ஒரு பெரிய ஃபோல்டராக இருந்தால் ஆண்டு வாரியாகப் பிரித்து நகலெடுங்கள். ஒரு கோப்பில் சிக்கினால் மற்றவை நிற்காது. விண்டோஸும் மென்பொருளும் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம், அவற்றுக்காக நேரத்தை விடாதீர்கள். நகலெடுக்கும்போது வேகம் விழுந்து விழுந்து எழுந்தாலோ, பழைய சுழலும் டிஸ்க்கில் "டிக் டிக்" என்று தாளம் கேட்டாலோ, நிறுத்திவிட்டு டேட்டா ரெகவரி செய்பவரிடம் போவதே உத்தமம்.

நகல் கையில் வந்த பிறகு கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசச் செயலியில் நிலையைப் பாருங்கள். சுழலும் டிஸ்க்கில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிசைகள்தான் முக்கியம். 05 என்பது கெட்டு மாற்றப்பட்ட இடங்கள், சி5 படிக்க முடியாமல் காத்திருப்பவை, சி6 சரிசெய்ய முடியாதவை. சி5 சின்ன எண்ணாக இருந்தாலும், வாரத்துக்கு வாரம் ஏறினால் அந்த டிஸ்க்கை நம்ப வேண்டாம். இவை எல்லாம் பூஜ்யமாக இருந்து, இடைமுகப் பிழை காட்டும் சி7 மட்டும் ஏறினால் கேபிள் தளர்ந்திருக்கலாம். கழற்றி மாட்டினால் தீரும்.

மாற்றுவது என்று ஆகிவிட்டால், சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் போடுங்கள். பழைய லேப்டாப் புதிது போல ஓடும். கெடுகிற டிஸ்க்கை அப்படியே முழுதாக நகலெடுக்கும் குளோனைவிட விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது நல்லது. குளோனில் பழைய பிழைகளும் கூடவே வரும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், லேப்டாப் தாங்கும் என்றால் 11-க்கே போய்விடலாம்.

அறிகுறி: விசிறி வேலை செய்யவில்லை, அல்லது தேதி தப்பு

எச்பியில் 90பி வந்தால் விசிறி. என்டர் அழுத்தித் தொடரலாம் என்று அதுவே சொன்னாலும், கத்திரி வெயிலில் தொடராதீர்கள். பக்கவாட்டுத் துளையில் காதை வைத்துப் பாருங்கள். சத்தமே இல்லை என்றால் விசிறி நின்றுவிட்டது. கரகரவென்று கேட்டால் அச்சு தேய்ந்திருக்கிறது அல்லது தூசி உருண்டை சிக்கியிருக்கிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோர வீடுகளில் உப்புக் காற்றும் தூசியும் சேர்ந்து, வெப்பத்தகட்டின் இடுக்கில் கம்பளி போல அப்பிக்கொள்ளும். ஊதி எடுக்கும்போது பல்குச்சியால் விசிறியைப் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றழுத்தத்தில் அது தறிகெட்டுச் சுழன்றால் மிச்சமிருக்கும் அச்சும் போகும். விசிறி மலிவுதான், முழுதாக மாற்றிவிடலாம்.

தேதி தப்பு என்று தினமும் கேட்டால் மதர்போர்டில் உள்ள 3 வோல்ட் காசு பேட்டரி தீர்ந்திருக்கும். பலவற்றில் அது சிஆர்2032, வாட்ச் கடையிலும் கிடைக்கும். சில மாடல்களில் வயரும் இணைப்பியும் சேர்ந்து வரும், பழையதைப் படம் எடுத்துக் காட்டி வாங்குங்கள்.

கடையில் கொடுப்பது என்றானால், போனில் எடுத்த எண்ணின் படத்தைக் காட்டி என்ன பழுது என்று எழுதி வாங்குங்கள். உள்ளே இருக்கும் டிஸ்க், ராம் இரண்டின் வரிசை எண்ணையும் அவர் கண் முன்னாலேயே படம் எடுங்கள். டிஸ்க்கை மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் உங்கள் வங்கிக் கடவுச்சொல்லும் இருக்கும்.